பழைய கணினி விளையாட்டைக் கட்டற்ற மென்பொருளாக மீண்டும் எழுதுவோருக்கு: பதிப்புரிமைச் சிக்கலில் மாட்டாமல் இருக்கும் வழி

சிறுவயதில் இரவு பகலாக ஆடிய ஒரு விளையாட்டு இன்றைய கணினியில் ஓட மறுக்கும்போது, அதை நாமே முதலிலிருந்து எழுதி, மூலநிரலோடு எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்ற ஆசை நிரல் எழுதத் தெரிந்த பலருக்கும் வருகிறது. ஆசையோடு கூடவே இரண்டு சமாதானங்களும் வருகின்றன: ஒன்று, நாம் அதை விற்கப்போவதில்லை; மற்றொன்று, அந்த விளையாட்டு இப்போது கடையிலேயே கிடைப்பதில்லை. சட்டத்தின் முன் இவை இரண்டுமே தனித்து நிற்காது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்ட படைப்புக்கு வெளியான நாளிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. 1993-இல் வெளிவந்த ‘டூம்’ விளையாட்டின் படங்களும் தளங்களும் (லெவல்கள்) அந்தக் கணக்கில் 2088-ஆம் ஆண்டின் முடிவு வரை ஒருவருக்குச் சொந்தமானவை. ‘அபண்டன்வேர்’ (கைவிடப்பட்ட மென்பொருள்) என்பது ரசிகர்கள் வைத்துக்கொண்ட பெயரே தவிர, எந்தச் சட்டப் புத்தகத்திலும் உள்ள வகை அன்று.

தொடங்கும் முன் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் எழுதுவோரில் பலர் ‘காப்புரிமை’ என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்கு வழங்கப்படும் பேட்டன்ட். எழுத்து, நிரல், படம், இசை ஆகியவற்றுக்கு இருப்பது பதிப்புரிமை. பெயருக்கும் சின்னத்துக்கும் இருப்பது வணிகக்குறி. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி பதிப்புரிமையைப் பற்றியது, ஓரிடத்தில் மட்டும் வணிகக்குறி வரும்.

முதல் வேலையாக, நீங்கள் எடுத்துக்கொண்ட விளையாட்டை ஒரே பொருளாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அதை விதிகள், நிரல், படமும் ஒலியும் கதையும், பெயர் என நான்காகப் பிரித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் நடந்த குழப்பங்களில் பெரும்பாலானவை, ஒரு பகுதிக்குப் பொருந்தும் விடையை இன்னொரு பகுதிக்கும் பொருந்தும் என்று நம்பியதால் வந்தவை.

விதிகளும் தோற்றமும்

கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்படும் வடிவத்துக்கே உண்டு என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ஒப்புக்கொள்ளப்பட்ட கோட்பாடு. ஆகவே, நகரங்களை ரயில் பாதையால் இணைத்துச் சரக்கேற்றிப் பணம் சேர்ப்பது என்ற விளையாட்டு முறையை யாரும் எழுதலாம். ஆனால் ‘விதிகளை மட்டும்தானே எடுத்தேன்’ என்று சொல்லும் முன் 2012-இல் நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றம் தீர்த்த டெட்ரிஸ் வழக்கைப் பார்த்துவிட வேண்டும். க்ஸியோ என்ற நிறுவனம் ஐஃபோனுக்காக ‘மினோ’ என்ற விளையாட்டை உருவாக்கியது. நிரலைத் தொடவில்லை, பெயரையும் எடுக்கவில்லை, விதிகளை மட்டுமே எடுத்ததாக வாதாடியது. நீதிபதி இரண்டின் திரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். 10 கட்டம் அகலம், 20 கட்டம் உயரம் என்ற அதே ஆடுகளம், கட்டிகளின் அதே வடிவமும் பளபளப்பும், கட்டி எங்கே விழும் என்று காட்டும் அதே நிழல், ஆட்டம் முடியும்போது களம் தானாக நிரம்பும் அதே காட்சி என்று எல்லாம் ஒத்திருந்தன. விதியை நிறைவேற்ற இவற்றில் எதுவும் கட்டாயம் இல்லை என்பதால், எடுக்கப்பட்டது வெளிப்பாடே என்று தீர்ப்பானது.

இதிலிருந்து செய்முறை ஒன்று கிடைக்கிறது. உங்கள் திரையில் உள்ள ஒவ்வொரு கூறுக்கும் ‘இது இப்படி இல்லாவிட்டால் ஆட்டம் நடக்காதா’ என்று கேளுங்கள். நடக்கும் என்றால் அதை உங்கள் விருப்பப்படி மாற்றிவிடுங்கள். மூலத்தின் படங்களையே பயனர் கொண்டுவரும் வகை எஞ்சினாக (ஆட்டத்தை இயக்கும் நிரல் மட்டுமாக) இருந்தால் இந்தக் கேள்வியின் கூர்மை சற்றுக் குறையும். சொந்தப் படங்களோடு வெளியிடும் விளையாட்டுக்கு இதுவே முதன்மையான சோதனை.

நிரல்: எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி

நிரல் உங்கள் கைக்கு மூன்று வழிகளில் வரலாம். உரிமையாளரே மூலநிரலை வெளியிட்டிருக்கலாம். விளையாட்டை ஆடி, கவனித்து, அதன் நடத்தையைப் புதிதாக எழுதலாம். அல்லது விற்பனைக்கு வந்த இயங்குகோப்பை டிகம்பைல் செய்து, மனிதர் படிக்கும் நிரலாக மாற்றலாம்.

முதல் வழி நிம்மதியானது. டூமின் மூலநிரலை இட் சாஃப்ட்வேர் 1997 டிசம்பரில் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தில் வெளியிட்டு, 1999-இல் ஜிபிஎல் உரிமத்துக்கு (யாரும் பயன்படுத்தி, மாற்றி, அதே உரிமத்தில் பகிரலாம் என்னும் கட்டற்ற உரிமம்) மாற்றியது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2020-இல் ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ மறுவெளியீட்டின் முக்கிய நிரல் பகுதிகளை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் வெளியிட்டது. 2025-இல் அந்த வரிசையின் வேறு சில விளையாட்டுகளின் நிரலையும் அதே உரிமத்தில் தந்தது. ஆனால் ‘திறந்துவிட்டார்கள்’ என்ற செய்தியை மட்டும் நம்பாமல், எது திறக்கப்பட்டது என்று உரிமக் கோப்பைப் படியுங்கள். டூம் விஷயத்தில் டாஸ் (அக்கால இயங்குதளம்) பதிப்புக்குப் பதிலாக லினக்ஸ் பதிப்பின் நிரல் வெளிவந்ததற்குக் காரணமே, டாஸ் பதிப்பில் இருந்த ஒலி நூலகம் வேறொருவருக்குச் சொந்தமானது என்பதுதான். ஆட்டத்தின் படங்கள், தளங்கள், ஒலிகள் எதுவும் அன்று திறக்கப்படவில்லை.

இரண்டாம் வழியில் உழைப்பு அதிகம், கவலை குறைவு. இதில் ஒழுங்காகச் செய்ய விரும்புவோர், 1980-களில் ஐபிஎம் கணினியின் பயாஸை (கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரல்) மற்ற நிறுவனங்கள் மீண்டும் எழுதப் பயன்படுத்திய முறையைப் பின்பற்றுவது நல்லது: ஒரு குழு மூலத்தை ஆராய்ந்து அது என்ன செய்கிறது என்று மட்டும் ஆவணமாக எழுதும், மூலத்தைப் பார்த்தே இராத இன்னொரு குழு அந்த ஆவணத்தைப் படித்து நிரலை எழுதும். இரண்டு பேர் மட்டும் உள்ள திட்டத்திலும் இது முடியும். ஆவணத்தில் எழுதுவது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ‘நிலக்கரி ஏற்றிய ரயில் மேட்டில் ஏறும்போது வேகம் பாதியாகிறது, சமதளத்துக்கு வந்தபின் மூன்று கட்டம் கடந்து பழைய வேகத்தை அடைகிறது’ என்பது நல்ல குறிப்பு, ஏனெனில் அது திரையில் கண்டது. ‘வேகத்தை முதலில் 4-ஆல் வகுத்து, அட்டவணையின் 17-ஆவது எண்ணைக் கூட்டி, பிறகு இந்த மாறியில் வைக்கிறது’ என்பது கெட்ட குறிப்பு. அது அசல் நிரலை வேறு சொற்களில் படியெடுப்பது. குறிப்புகளைத் தேதியோடு, திட்டத்தின் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்திலேயே வைத்திருங்கள். பிற்காலத்தில் ‘நீங்களே எழுதியதற்கு என்ன சான்று’ என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்டப்போவது அந்தக் கோப்பைத்தான்.

மூன்றாம் வழியில்தான் பேச்சு நீள்கிறது. டிகம்பைல் செய்வது எல்லா நிலையிலும் குற்றம் என்று சொல்வது தவறு. 1992-இல் சேகா நிறுவனத்துக்கும் அக்கோலேட் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், இணைந்து இயங்கும் பொருத்தத்துக்குத் தேவையான தகவலை அறிய வேறு வழியில்லாதபோது நிரலைப் பிரித்துப் பார்ப்பது நியாயமான பயன்பாடு (உரிமையாளரின் அனுமதியின்றியே சட்டம் இடம் தரும் பயன்பாடு) என்று அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் 52-ஆம் பிரிவில், முறையாக நிரலை வைத்திருப்பவர் அதன் அடிப்படைக் கருத்துகளை அறிய அதைக் கவனித்து ஆராய்வதற்கும், தனித்து எழுதிய வேறு நிரலோடு அது இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்கும் இடம் தருகிறது. ஆனால் இவை எல்லாம் அறிந்துகொள்வதற்குத் தரும் அனுமதிகள். பிரித்துப் பார்த்துக் கிடைத்த நிரலையே சற்றுத் திருத்தி உங்கள் பெயரில் வெளியிடுவதற்கு அவை துணைநிற்பதில்லை. அக்கோலேட் நிறுவனம் சேகாவின் நிரலிலிருந்து தகவலை எடுத்துத் தன் சொந்த விளையாட்டை எழுதியது என்பதை மறக்கக்கூடாது.

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையின் இரண்டு பழைய விளையாட்டுகளை இப்படி நிரலாக மீட்டெடுத்த ‘ஆர்இ3’ திட்டம் இங்கே பாடமாகிறது. அதை இயக்க அசல் விளையாட்டின் கோப்புகள் வேண்டும். படமோ ஒலியோ அவர்கள் கொடுக்கவில்லை. இருந்தும் 2021 பிப்ரவரியில் அவற்றின் உரிமையாளரான டேக்-டூ நிறுவனத்தின் நீக்கல் அறிவிப்பு (பதிப்புரிமை மீறல் என்று சொல்லி நீக்கக் கோரும் கடிதம்), நிரல் பகிரும் தளமான கிட்ஹப்புக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் வழக்கும் தொடுக்கப்பட்டது. ‘பயனரே அசல் கோப்பைக் கொண்டுவரட்டும்’ என்ற ஏற்பாடு படத்துக்கும் ஒலிக்கும் மட்டுமே குடை பிடிக்கும், நிரலுக்குப் பிடிக்காது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ‘அப்படியானால் ஓப்பன் டிடிடி எப்படி நிற்கிறது’ என்று கேட்பீர்கள். ‘டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்’ விளையாட்டைப் பிரித்து சி மொழிக்குக் கொண்டுவந்து 2004-இல் தொடங்கிய அந்தத் திட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் எந்த நீதிமன்றமும் அதைச் சரி என்று தீர்த்ததில்லை. உரிமை உள்ளவர்கள் வழக்குக்குப் போகாததால் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமையை நம்பிச் சுவர் எழுப்புவது உங்கள் விருப்பம். நான் எழுப்ப மாட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிறுவும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திய பயன்பாட்டு ஒப்பந்தம் பிரித்துப் பார்ப்பதைத் தடைசெய்திருக்கலாம். பிளிஸார்ட் விளையாட்டுகளுக்கு மாற்று இணையச் சேவையகமாக எழுதப்பட்ட ‘பிநெட்டி’ திட்டம், 2005-இல் அமெரிக்க எட்டாம் வட்டார நீதிமன்றத்தில் தோற்றதற்கு அந்த ஒப்பந்தமும் ஒரு காரணம்.

படமும் ஒலியும்

இங்கே இரண்டு நேர்மையான வழிகள் உள்ளன. பயனரிடம் உள்ள அசல் வட்டிலிருந்து கோப்புகளை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அல்லது எல்லாவற்றையும் புதிதாக வரையலாம். ஓப்பன் டிடிடி முதலாவதில் தொடங்கி இரண்டாவதற்குப் போனது: பல பங்களிப்பாளர்கள் சேர்ந்து படம், ஒலி, இசை என மூன்று தனித் தொகுப்புகளை உருவாக்கிய பிறகு, 2010 ஏப்ரலில் வந்த 1.0 பதிப்பிலிருந்து அசல் வட்டே இல்லாமல் அதை ஆட முடிந்தது. டூமுக்கு ‘ஃப்ரீடூம்’ திட்டம் இதே வேலையைச் செய்கிறது. அசலின் படத்தைத் திறந்து வைத்து அதன் மேலேயே புள்ளி புள்ளியாகத் திருத்துவது புதிதாக வரைவது ஆகாது. வெற்றுத் தாளில் தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில் நானே சறுக்கியிருக்கிறேன். நண்பர்களோடு செய்த ஒரு சிறு திட்டத்தில், இலவச ஒலிகள் தரும் ஒரு தளத்திலிருந்து ரயில் விசில் ஒன்றை எடுத்துச் சேர்த்தேன். பதினோரு மாதம் கழித்து, ஒரு லினக்ஸ் வழங்கலில் (மென்பொருள்களோடு சேர்த்துத் தரப்படும் லினக்ஸ் தொகுப்பு) எங்கள் விளையாட்டைச் சேர்க்க முன்வந்தவர் ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் கேட்டபோதுதான், அந்த விசில் ‘வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்பைப் பகிர ஆயத்தமாகக் கிடைக்கும் உரிமங்கள்) உரிமத்தில் இருந்தது தெரிந்தது. அத்தகைய கட்டுப்பாடு கட்டற்ற உரிமத்தின் இலக்கணத்துக்கே முரணானது. கோப்பை அழித்தோம்; ஆனால் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் களஞ்சியத்தில் அழித்த கோப்பு பழைய கமிட்டுகளில் (பதிவுகளில்) அப்படியே இருக்கும் என்பதால், ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ கருவியைக் கொண்டு வரலாற்றையே திருத்தி எழுதி, எல்லோரையும் மறுபடி குளோன் செய்யச் (முழுப் படி எடுக்கச்) சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே முதல் நாளே ‘படைப்புரிமை’ என்று ஒரு கோப்பைத் திறந்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒலிக்கும் உருவாக்கியவர், எடுத்த முகவரி, உரிமத்தின் பெயரும் பதிப்பும், எடுத்த தேதி ஆகியவற்றை ஒரு வரியில் எழுதுங்கள். பதிப்பு எண்ணை விட்டுவிடாதீர்கள்: கிரியேட்டிவ் காமன்ஸின் ‘அதே உரிமத்தில் பகிர்’ வகையில் 4.0 பதிப்பில் உள்ளதை ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்குள் கொண்டுவரலாம், 3.0 பதிப்பில் உள்ளதற்கு அந்த வசதி இல்லை. அசல் விளையாட்டின் கோப்புப் பெயர்களை, கிட் சேர்க்காமல் விட வேண்டியவற்றின் ‘.கிட்இக்னோர்’ பட்டியலில் போட்டுவிட்டால், சோதனைக்காக வைத்த கோப்பு கைதவறிக் களஞ்சியத்துக்குள் போகாது.

பெயர்

நிரலும் படமும் உங்கள் கையில் இருந்தாலும் பெயர் இல்லாமல் போகலாம். ‘ஸ்டார் கண்ட்ரோல் 2’ விளையாட்டை உருவாக்கியவர்களே 2002-இல் அதன் நிரலைத் திறந்தபோது, பெயரின் வணிகக்குறி வேறொருவரிடம் இருந்ததால் அந்தத் திட்டம் ‘தி ஊர்-க்வான் மாஸ்டர்ஸ்’ ஆயிற்று. நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு: ‘ஸ்க்ராபிள்’ சொற்பலகை விளையாட்டைப் போலக் கொல்கத்தாச் சகோதரர்கள் உருவாக்கிய ‘ஸ்க்ராபுலஸ்’ மீதான வழக்கில், 2008-இல் தில்லி உயர் நீதிமன்றம் பலகையின் பதிப்புரிமைக் கோரிக்கையை ஏற்கவில்லை, பெயர் விஷயத்தில் மட்டும் தடை விதித்தது. மூலத்தின் பெயரை முகப்பில் வைக்காமல், ‘இன்ன விளையாட்டின் கோப்புகளோடு இயங்கும், அதன் உரிமையாளர்களோடு தொடர்பில்லை’ என்று விளக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

அறிவிப்பு வந்தால், நீங்களே அனுமதி கேட்டால்

நீக்கல் அறிவிப்பு வந்த அன்றே கோபத்தில் எதிர் அறிவிப்பு (இது மீறல் அன்று என்று மறுக்கும் பதில்) அனுப்பிவிடாதீர்கள். இணையத்தில் பதிப்புரிமை மீறலைக் கையாளும் அமெரிக்க டிஎம்சிஏ சட்டப்படி எதிர் அறிவிப்பில் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு உட்பட்டு உறுதிமொழி தருகிறீர்கள். வெளிநாட்டில் இருந்தாலும் அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்கு ஒப்புக்கொள்கிறீர்கள். அதன்பின் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் மறுதரப்பு வழக்குத் தொடுக்காவிட்டால்தான் களஞ்சியம் திரும்ப வரும். ஆர்இ3 எழுதியவர்கள் எதிர் அறிவிப்பு அனுப்பியதைத் தொடர்ந்துதான் வழக்கு வந்தது. முதலில் உங்கள் நான்கு பகுதித் தாளை எடுத்து, எந்தப் பகுதியைப் பற்றிய புகார் என்று பாருங்கள். ஒரு படத்தைப் பற்றியதாக மட்டும் இருந்தால் படத்தை நீக்கிவிட்டு வேலையைத் தொடரலாம். நிரலைப் பற்றியதென்றால் வழக்கறிஞரிடம் போங்கள்.

அறிவிப்பு வரும்வரை காத்திராமல் நீங்களே எழுதிக் கேட்கும் வழியும் இருக்கிறது. ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ விளையாட்டை 2003-இல் ரெவல்யூஷன் நிறுவனம் இலவசமாக அளித்ததால்தான், பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் இயக்கும் ஸ்கம்விஎம் திட்டம் அதைத் தன் தளத்திலேயே இன்றும் தருகிறது. கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: எந்த விளையாட்டு, அதில் எந்தக் கோப்புகள், என்ன உரிமத்தில் வெளியிட விரும்புகிறீர்கள், உங்களிடமிருந்து பெறுபவர்களும் அதை மேலும் பகிரலாமா. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால், கிடைக்கும் ‘சரி, பயன்படுத்திக்கொள்ளுங்கள்’ என்ற பதில் உங்களுக்கு மட்டுமே பயன்படும். லினக்ஸ் வழங்கல்கள் அதை ஏற்காது. பதில் வந்ததும் அதை எழுதியவர் அந்த உரிமையை வழங்கும் இடத்தில் இருப்பவர்தானா என்று உறுதிசெய்துகொண்டு, மின்னஞ்சலின் முழு வாசகத்தையும் அவருடைய சம்மதத்தோடு உரிமக் கோப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.