டர்ன்டேபிளை வீட்டு ஸ்டீரியோவுடன் இணைக்கும் முறை

மதுரை மாசி வீதிகளைப் போல வண்டி ஓயாத தெருவில் வீடு இருந்தால், டர்ன்டேபிளை, அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் கருவியை, ஆட்டமில்லாத கனத்த மேசையில் வைத்து, கொத்தனாரின் ரசமட்டத்தால் சமன் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர்களை அதே மேசையில் வைக்கக் கூடாது. அதிர்வு முள்ளுக்கு ஏறிவிடும்.

அடுத்து, முள்ளைத் தாங்கும் கையின் பின்பக்க எடையைத் திருகி, அந்தக் கை மேலும் கீழும் சாயாமல் அந்தரத்தில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, எடையை நகர்த்தாமல் அளவு வளையத்தை மட்டும் பூஜ்யத்தில் நிறுத்துங்கள். பிறகு கார்ட்ரிட்ஜ் (முள் பொருத்திய சிறு பகுதி) தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு, பெரும்பாலும் 2 கிராம் அளவில், எடையைக் கூட்டுங்கள். கை உள்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி-ஸ்கேட் குமிழிலும் அதே எண் போதும். குறைந்த எடையே தட்டுக்கு நல்லது என்பது தவறான எண்ணம். எடை போதாத முள் பள்ளத்தில் துள்ளித் தட்டைக் கெடுக்கும்.

பலர் தடுமாறுவது இணைப்பில்தான். கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. தட்டில் தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உச்சச் சுரங்களைக் கூட்டியும் பதிப்பதால், ஒலியைப் பெருக்கி அதைச் சரிசெய்யும் ஃபோனோ ப்ரீஆம்ப் கட்டாயம் வேண்டும். ஆம்ப்ளிஃபையரில் ‘ஃபோனோ’ துளை இருந்தால் அதில் செருகுங்கள். இல்லையெனில் தனி ப்ரீஆம்ப் வழியாக ‘ஆக்ஸ்’ துளைக்குக் கொடுங்கள். தனி ப்ரீஆம்பை ‘ஃபோனோ’ துளையில் செருகினால் ஒலி சிதறும். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியை ஆம்ப்ளிஃபையர் அல்லது ப்ரீஆம்பின் எர்த் திருகில் இறுக்காவிட்டால் ‘உம்’மென்ற இரைச்சல் நிற்காது.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தாத்தா காலத்துத் தட்டுகளுக்கு அகன்ற முனையுள்ள தனி முள் தேவை. வினைல் தட்டுகளைச் சித்திரை வெயில் படாமல் நிமிர்த்தி அடுக்குங்கள். சூட்டில் அவை நெளிந்துவிடும்.