அசையாமல் நின்றால் ஒலி அகப்படாது

போன கிழமை திருகோணமலை டச்பே கடற்கரையில் ஒரு தம்பி மைக் தொப்பியும் இரண்டு கைப்பட்டையுமாகக் கம்பம் மாதிரி நின்றான். அம்மா சுற்றி வந்து மணி அடிக்க, அவன் இடம் வலம் என்று விரல் காட்டினான். எனக்கு வயிறு எரிந்தது. நானும் அப்படி நின்றவன்தான்.

எனக்கு இரண்டு காதும் கேட்காது. தொப்பியின் இடப்பக்க மைக்கில் விழும் ஒலி இடது மணிக்கட்டை அதிர வைக்கும், வலப்பக்கம் விழுவது வலதை. இதை வைத்து ஒலி வரும் திசையைப் பழகும்போது விடும் பிழைகளைத்தான் இங்கே சொல்கிறேன். சார்ஜ் போட மறப்பது போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை.

அசையாமல் நிற்பது

நேர் முன்னே அடித்தாலும் நேர் பின்னே அடித்தாலும் இரண்டு கையும் ஒரே அளவுதான் அதிரும். தலையை வலப்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒலி முன்னே என்றால் இடக்கை ஓங்கும், பின்னே என்றால் வலக்கை. காது கேட்பவர்களுக்கும் முன்பின் பிரிக்கத் தலையசைவு உதவுகிறது என்று உளவியலாளர் ஹான்ஸ் வாலக் 1940இலேயே காட்டிவிட்டார்.

இது தெரியாமல் நான் கதிரையில் இருந்தபடி நாலு மாதம் பழகினேன். வீட்டில் ஒன்றும் பிழை வரவில்லை. பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டு கையும் சேர்ந்து அதிர்ந்தன. ஆட்டோ முன்னால் வருகிறது என்று பின்னுக்கு ஓரடி வைத்தேன். அது பின்னால் வந்த ஆட்டோ. கால் பெருவிரல் நகம் போனது. டிரைவர் ஏசியது வாயசைவிலேயே புரிந்தது, அதுவும் சுருக்கமாக இல்லை.

1969இல் நரம்பியல் ஆய்வாளர் பால் பாக்-இ-ரீட்டா, கதிரை முதுகில் 400 அதிர்விகள் வைத்துப் பார்வையற்றவர்களுக்குக் கமராப் படத்தை உணர்த்தினார். கமராவைத் தாங்களே அசைத்தபோதுதான் பொருள் எதிரே இருப்பதாக அவர்களுக்குப் பட்டது. இல்லாவிட்டால் முதுகில் வெறும் அதிர்வு.

அதனால் விரல் காட்டும் பயிற்சியே வேண்டாம். ஒலியைத் தேடி நடந்து போய்த் தொடுங்கள். வெட்டவெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும், அந்த ஏற்றத்தைக் கையே சொல்லும்.

ஜெனரேட்டரோடு தொடங்குவது

தாழ்ந்த உறுமல் தலையை வளைத்துக்கொண்டு போய் இரண்டு மைக்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். அதனால் பக்கம் தெரியாது. தொடங்குவதற்கு, கூர்மையான ஒலி தரும் திறப்புக் கோர்வையை (சாவிக்கொத்தை) குலுக்கினால் போதும்.

பட்டையை இறுக்கிக் கட்டுவது

கை மரத்துப்போகும்.

கச்சான் காற்றில் பழகுவது

பலத்த காற்று மைக்கில் மோதினாலே கை அதிரும். மைக்கில் ஸ்பொஞ் ஒட்டினாலும் வேண்டாம்.

சரி, அந்தத் தம்பி. அம்மாவின் போனில் அலாரம் போட்டு ஒரு வள்ளத்துக்குள் வைத்தேன். இரண்டு தரம் கடல் பக்கம் போய்த் திரும்பினான். மூன்றாம் தரம் போனை எடுத்து, அலாரத்தை நிறுத்தாமலே எழுதிக் காட்டினான்: "தலை சுத்துது அண்ணா. இன்னொருக்கா ஒளிச்சு வையுங்கோ."