உண்ணிச்செடி இலையைக் கொண்டு துத்தநாக ஆக்சைடு நானோ துகள்: தயாரிப்பும் புற்றுநோய்ச் செல் சோதனையும்

ஏற்காட்டின் மலைப்பாதையோரங்களிலும் காப்பித் தோட்ட வேலிகளிலும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய களை என்பதால், துத்தநாக ஆக்சைடின் நானோ துகளை (மிக நுண்ணிய துகளை) இலைச்சாற்றின் துணையோடு செய்யச் சேலத்துக் கல்லூரிகளில் முதுநிலைத் திட்ட ஆய்வு செய்வோருக்கு அது பொருத்தமான மூலப்பொருள்; இதற்காக அரிய மூலிகை எதையும் பறிக்க வேண்டியதில்லை. ஆயினும் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிப் பறிக்கக் கூடாது. இச்செடியின் வேதிக்கூறுகள் வகைக்கு வகை மாறுபடுவதால், பூவின் நிறம், இடம், பறித்த நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பூவுடன் கூடிய கிளையொன்றை அழுத்தி உலர்த்தி, கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்தில் அடையாளச் சான்று பெறலாம்.

மூட்டம் இறங்கும் மாதங்களில் மலையில் வைத்து உலர்த்தினால் இலையில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், அன்றே கீழே கொண்டுவந்து, கழுவி, நிழலில் சருகாக உலர்த்திப் பொடிக்க வேண்டும். பொடியில் 10 கிராமை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 60 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கி, ஆறியபின் வடிதாளில் வடிகட்ட வேண்டும். குழாய் நீர் உதவாது. வெள்ளைக்கல் (மக்னீசியம் கொண்ட மேக்னசைட்) படிவுள்ள சேலத்தின் நிலத்தடி நீரிலுள்ள மக்னீசியம், கால்சியம் உப்புகள் காரத்தில் வீழ்படிவாகித் துகளுடன் கலந்துவிடக்கூடும்.

துத்தநாகத்தைத் தரும் உப்பாக நைட்ரேட்டை எடுத்துச் சுட்டால் நச்சுப்புகை எழும், அசிட்டேட்டே மேல். துத்தநாக அசிட்டேட் டைஹைட்ரேட் 2.195 கிராமைக் கரைத்து 100 மில்லியாக்கினால் 0.1 மோலார் கரைசல் கிடைக்கும். அதைக் காந்தக் கலக்கியில் 60 டிகிரியில் சுழலவிட்டு, 25 மில்லி இலைச்சாற்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தபின், நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடை பி.எச். 10 வரும்வரை விட வேண்டும். காரம் வெகுவாக மிஞ்சினால் வீழ்படிவு துத்தநாகேட் என்னும் கரையும் உப்பாக மாறிக் கரைந்துபோகும். இரண்டு மணி நேரம் கலக்கியபின், வீழ்படிவைச் சென்ட்ரிஃபியூஜில் பிரித்து, நீரிலும் எத்தனாலிலும் பலமுறை கழுவி, 80 டிகிரியில் உலர்த்தி, மஃபில் உலையில் (உயர்வெப்ப மின்உலையில்) 400 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட வேண்டும். சுட்ட பொடியை முகக்கவசமின்றிக் கையாளக் கூடாது. துத்தநாகம் கலந்த கழிவுநீரைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் தனியே சேர்த்துவைக்க வேண்டும்.

இலைச்சாறு துத்தநாகத்தை ஒடுக்குகிறது, அதாவது அதன் அயனிக்கு எலக்ட்ரான் தந்து உலோகமாக்குகிறது என்று பல திட்ட அறிக்கைகள் எழுதுகின்றன. வெள்ளி உலோக நானோ துகளுக்குப் பொருந்தும் விளக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டியதன் விளைவு இது. துத்தநாகம் உப்பிலும் ஆக்சைடிலும் +2 ஆக்சிஜனேற்ற நிலையிலேயே இருக்கிறது. சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் துத்தநாக அயனிகளைப் பற்றிக்கொண்டு, துகள் பெருத்துவிடாமல் தடுக்கின்றன என்பதே பொருத்தமான விளக்கம். 400 டிகிரிச் சூட்டில் அவற்றில் பெரும்பகுதி எரிந்துவிடுவதால், மூலிகைக் குணம் துகளில் தங்கியிருப்பதாக எழுதுவதற்கும் ஆதாரம் தேவை.

புற ஊதா நிறமாலையில் 360 முதல் 380 நானோமீட்டருக்குள் உட்கவர்தலும், தாமிரக் கதிர் கொண்ட எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் (2θ கோணம்) 31.8, 34.4, 36.3 டிகிரிகளில் முகடுகளும் தெரிந்தால் அது துத்தநாக ஆக்சைடே. அந்த முகடுகளின் அகலத்தைக் கொண்டு கணக்கிடும் ஷெரர் சமன்பாடு தருவது படிகத்தின் அளவைத்தான். துகளின் அளவுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

செல் சோதனைக்கு, எம்.சி.எஃப்-7 போன்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களைப் புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து பெறலாம். எம்.டி.டி. என்னும் சாய முறையில் உயிருள்ள செல்கள் மஞ்சள் நிற எம்.டி.டி. சாயத்தை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றும், அதை டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பானில் கரைத்து 570 நானோமீட்டரில் அளப்பார்கள். கவனம் முழுவதும் செல்ல வேண்டிய இடம், செல்களை வளர்க்கும் தட்டில் ஒப்பிடுவதற்காக வைக்கும் குழிகளே. உண்ணிச்செடியில் கால்நடைகளின் ஈரலைத் தாக்கும் லாண்டடீன்கள் உண்டு; அமிலச் சூழலில் கரைந்து வெளிவரும் துத்தநாக அயனியும் செல்லைக் கொல்லும். எனவே மருந்திடாத செல்களோடு, இலைச்சாறு மட்டும் இட்டவை, அதே அளவு துத்தநாகம் உள்ள அசிட்டேட் இட்டவை, சாறின்றி அதே முறையில் செய்த ஆக்சைடு இட்டவை ஆகிய குழிகளும் தட்டில் இருக்க வேண்டும். துகளே சாயத்தோடு வினைபுரிந்து அளவீட்டைக் குழப்பக்கூடும் என்பதால், செல் இல்லாமல் துகளும் சாயமும் மட்டும் உள்ள குழியும் தேவை.

இவற்றோடு இயல்பான செல்வகை ஒன்றையும் அதே செறிவுகளில் சோதித்து, பாதிச் செல்கள் அழியும் செறிவை இரண்டுக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும். இரு மதிப்புகளும் நெருங்கியிருந்தால், புற்றுநோய்ச் செல்லைத் தேர்ந்து தாக்குகிறது என்ற வரியை அறிக்கையிலிருந்து நீக்கிவிட வேண்டும்.