பெண்ணிய ஆய்வுக்குப் பரிசு உண்டு: எல்லையோரத்திலிருந்து விண்ணப்பிப்பது எப்படி?

பாலக்காட்டுச் சித்தூர் கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படிக்கிறவர்கள், மூணாறு தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) திருவனந்தபுரம் வரை படிக்கப் போனவர்கள், நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு பஸ் ஏறுகிறவர்கள்: கேரள, ஆந்திர எல்லையோரத் தமிழர்களான உங்களுக்குத்தான் இந்தப் பதிவு. பெண்களின் வேலை, கூலி, சொத்து, எழுத்து என்று ஏதோ ஒன்றைப் பற்றி ஒரு கட்டுரையோ ஆய்வேடோ எழுதியிருப்பீர்கள். மதிப்பெண் வாங்கியதும் அது அலமாரிக்குப் போயிருக்கும். அதற்குப் பரிசோ உதவித்தொகையோ கிடைக்க வழி இருக்கிறது. நம் பக்கத்தில் எழுத விஷயத்துக்குக் குறைவில்லை. தகவல்தான் வந்து சேர்வதில்லை.

படி 1: கையில் இருப்பதை முதலில் பாருங்கள்

வாட்ஸப்பில் ஒரு அறிவிப்பு வரும், கடைசித் தேதிக்குப் பத்து நாள்தான் இருக்கும், உடனே அதற்கென்றே ஒரு கட்டுரை எழுத உட்காருவார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். உங்களிடம் இருப்பது என்ன வகை என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற பரிசைத் தேடுங்கள்.

அச்சில் வராத ஆய்வுக் கட்டுரை ஒரு வகை. மாணவராக இருக்கும்போது எழுதிய கட்டுரைக்குத் தனிப் பரிசுகள் இருக்கின்றன. அச்சான புத்தகம் வேறு, பத்திரிகையில் வந்த கட்டுரை வேறு. முனைவர் பட்டத்துக்கு இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்குத் தேவை பரிசு அல்ல, மாதாமாதம் வரும் உதவித்தொகை. இந்த ஐந்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

படி 2: எங்கே தேடுவது

ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கேத்தரின் ஸ்டிம்சன் பரிசு. ‘சைன்ஸ்’ என்ற அமெரிக்கப் பெண்ணிய ஆய்விதழ் 1975 முதல் வருகிறது. அதன் முதல் ஆசிரியர் பெயரில், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, எந்த நாட்டவரும் கலந்துகொள்ளலாம் என்ற போட்டியாக இது நடக்கிறது. ஆய்வுலகில் புதிதாக வருகிறவர்களுக்கானது என்பதால் நமக்குத் தோதானது. மானுடவியல் பக்கம் இருப்பவர்களுக்கு சில்வியா ஃபோர்மன் பரிசு இருக்கிறது. அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் பெண்ணியப் பிரிவு மாணவர் கட்டுரைகளுக்குத் தருவது அது. பொருளாதாரம் என்றால் பெண்ணியப் பொருளாதாரத்துக்கான சர்வதேச அமைப்பு தரும் ரோண்டா வில்லியம்ஸ் பரிசைப் பாருங்கள்.

புத்தகம் எழுதியவர்களுக்கு அமெரிக்கத் தேசிய மகளிரியல் சங்கத்தின் பரிசுகள் இருக்கின்றன. அவற்றில் சாரா வேலி பரிசு பெண்களும் உழைப்பும் பற்றிய நூல்களுக்கு. இன்னொன்று குளோரியா அன்சால்துவா பெயரில் உள்ளது. டெக்சாஸ், மெக்சிகோ எல்லையில் வளர்ந்து, எல்லையில் வாழும் பெண்களைப் பற்றியே எழுதியவர் அவர். வாளையாறு சோதனைச்சாவடியைத் தாண்டி வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்தப் பெயர் அந்நியமாகத் தெரியக் கூடாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு: சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 35 வயதுக்கு உட்பட்டவர்களின் நூலுக்கு, பரிசுத் தொகை 50,000 ரூபாய். தமிழ்நாடு அரசு சிறந்த நூல்களுக்குத் தரும் பரிசில் மகளிர் இலக்கியம் ஒரு தனி வகைப்பாடு. மும்பையைச் சேர்ந்த பாப்புலேஷன் ஃபர்ஸ்ட் அமைப்பின் லாட்லி ஊடக விருது, பாலினப் பார்வையோடு எழுதும் பத்திரிகையாளர்களுக்கானது. அதில் தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாவற்றுக்கும் இடம் உண்டு.

உதவித்தொகை என்றால், பல்கலைக்கழக மானியக் குழு தரும் சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே உதவித்தொகை. பெற்றோருக்கு ஒரே பெண் குழந்தையாகப் பிறந்து, முழுநேர முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்களுக்கு. நீங்கள் எந்தப் பாடத்தில் ஆய்வு செய்தாலும் சரி.

படி 3: தகுதி விதியை வரிவரியாகப் படியுங்கள்

அலுப்பான வேலைதான், ஆனாலும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் விழுவது இங்கேதான். ஸ்டிம்சன் பரிசுக்கு, கடைசிப் பட்டம் வாங்கி 7 வருடம் ஆகியிருக்கக் கூடாது. புலே உதவித்தொகைக்கு அண்ணனோ தம்பியோ இருந்தாலும் தகுதி போய்விடும். ‘வீட்டில் பெண் குழந்தை நான் ஒருத்திதானே’ என்று விண்ணப்பித்துத் திரும்பி வந்தவர்கள் உண்டு. இரட்டைப் பிறவிப் பெண்கள் மட்டும் விதிவிலக்கு. டெல்லியில் உள்ள சுபான் பதிப்பகம் சசகாவா அறக்கட்டளையோடு சேர்ந்து இளம் ஆய்வாளர்களுக்குத் தந்த நல்கையைப் பார்த்து நம் பக்கத்துப் பெண்களும் ஆசைப்பட்டார்கள். அது வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும் என்பது முதல் பத்தியிலேயே எழுதியிருந்தது.

நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மொழியில் இருக்க வேண்டும்? எந்த வருடத்தில் அச்சாகியிருக்க வேண்டும், அல்லது அச்சாகாமல் இருக்க வேண்டும்? சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டுமா? நாமே அனுப்பலாமா, பதிப்பாளரோ நெறியாளரோ அனுப்ப வேண்டுமா? நான்கில் ஒன்று உங்களுக்குப் பொருந்தவில்லை என்றாலும் அடுத்த பரிசுக்குப் போங்கள். விதிவிலக்குக் கேட்டு மின்னஞ்சல் எழுதுவது வீண்.

படி 4: ஜெயித்த பிறகு காசு கேட்டால் அது பரிசு அல்ல

‘சிறந்த பெண் ஆய்வாளர் சர்வதேச விருதுக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். நீங்கள் விண்ணப்பித்தே இருக்க மாட்டீர்கள். பதிவுக் கட்டணம் இவ்வளவு, கேடயம் தபாலில் வேண்டுமென்றால் இன்னும் இவ்வளவு என்று கீழே இருக்கும். மகளிர் தினம் நெருங்கும்போது இது அதிகமாகும். கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டலாம் என்று சிலர் தெரிந்தேதான் வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, விற்கிறவர்களைச் சொல்ல வேண்டும்.

சங்க உறுப்பினர் கட்டணம் வேறு விஷயம். அது எல்லா உறுப்பினருக்கும் பொது, அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். சந்தேகம் வந்தால், முன்பு பரிசு வாங்கியவர்கள் யார், எதற்கு வாங்கினார்கள், அந்தக் கட்டுரை எங்கே கிடைக்கிறது என்று தேடுங்கள். உண்மையான பரிசென்றால் இது மூன்றும் கிடைக்கும்.

தேடியதைப் படித்தும் பாருங்கள். பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் 2017-இல் பாலின ஆய்வுக்காக பல்சான் பரிசு பெற்றார். தெற்காசியாவில் பெண்களுக்கு நிலத்தில் உரிமை என்ன ஆகிறது என்பதை 1994-இல் வந்த நூலில் சட்டம், வழக்கம், வயல் என்று மூன்று பக்கமும் ஆராய்ந்தவர் அவர். சட்டத்தில் இருப்பது வயலில் ஏன் நடப்பதில்லை என்று விடாமல் கேட்டதுதான் அந்த ஆய்வின் பலம்.

படி 5: உங்கள் தலைப்பைச் சுருக்குங்கள்

பெண்களைப் பற்றி எழுதினால் மட்டும் அது பெண்ணிய ஆய்வு ஆகிவிடாது. யார் முடிவெடுக்கிறார்கள், யார் கையெழுத்துப் போடுகிறார்கள், யார் கையில் காசு நிற்கிறது, யார் பெயர் பதிவேட்டில் இல்லை என்று கேட்க வேண்டும்.

‘தோட்டத் தொழிலாளப் பெண்கள் படும் பாடு’ என்பது தலைப்பே அல்ல. மூணாறில் 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுப் பெண்களே சாலையில் உட்கார்ந்த பெம்பிளை ஒருமைப் போராட்டம் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அதையே மறுபடி சொன்னால் நடுவருக்குக் கொட்டாவி வரும். ‘வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டிய பெண்கள் எங்கே போகிறார்கள், யார் வீட்டில், யார் செலவில்?’ என்று கேளுங்கள். ஒரே எஸ்டேட்டில், ஒரே டிவிஷனில் கேட்டால்கூடப் போதும்.

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்றால் கேரள அரசின் மகளிர் திட்டமான குடும்பஸ்ரீ இருக்கிறது. 1998-இல் தொடங்கியதிலிருந்து அதன் அயல்கூட்டங்கள் (அக்கம்பக்கத்துப் பெண்களின் குழுக்கள்) வாராவாரம் கூடிக் கணக்கு எழுதிவருகின்றன. கடன் யார் பெயரில் எடுக்கப்பட்டது, எதற்குச் செலவானது, தவணையை யார் கட்டினார்கள் என்று ஒரு வார்டின் மினிட்ஸ் நோட்டுகளை வைத்தே அருமையான கட்டுரை எழுதலாம். அயல்கூட்டத்தின் அனுமதியோடுதான், உறுப்பினர் பெயர்களை மாற்றித்தான்.

படி 6: ஆவணம் தேடுவது

எல்லையோரக்காரர்களுக்கு இங்கே ஒரு தொல்லையும் ஒரு அதிர்ஷ்டமும் சேர்ந்தே இருக்கின்றன. நம் ஊர்க் காகிதங்கள் ஒரே இடத்தில் இல்லை. பாலக்காடு நகரம் பிரிட்டிஷ் மலபாரில், அதாவது சென்னை மாகாணத்தில் இருந்தது. பக்கத்திலேயே இருக்கும் சித்தூர் கொச்சி ராஜ்யம். ஆகவே பாலக்காட்டுக்கு கோழிக்கோடு வட்டார ஆவணக் காப்பகமும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், சித்தூருக்கு எர்ணாகுளம். தேவிகுளம், பீர்மேடு திருவிதாங்கூர் என்பதால் திருவனந்தபுரம். கன்னியாகுமரிப் பக்கமும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்தான். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பற்றி நாகர்கோவிலில் இருந்துகொண்டு எழுதுகிறவர் 1859-ஆம் ஆண்டின் அரச அறிவிப்பைத் தேடித் திருவனந்தபுரத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆந்திரப் பக்கம்: சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவானது, முதலில் சென்னை மாகாணத்திலும் பிறகு சென்னை மாநிலத்திலுமாக 1953 வரை இருந்தது. திருத்தணி 1960-இல்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அந்தக் காலத்துப் பத்திரம், கூலி, பெண் பள்ளிக்கூடம் பற்றிய காகிதங்களுக்கு எழும்பூரில் தொடங்குவதே நல்லது. இன்னொன்று, இரண்டு சித்தூர்களையும் நாம் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். வெளிநாட்டு நடுவருக்கு எந்தச் சித்தூர் என்று முதல் பக்கத்திலேயே மாவட்டத்தோடு சொல்லிவிடுங்கள். காப்பகப் பட்டியலில் தேடும்போதும் இதே எச்சரிக்கை.

அதிர்ஷ்டம் என்று சொன்னது இதைத்தான்: தமிழும் மலையாளமும், அல்லது தமிழும் தெலுங்கும் படிக்கத் தெரிந்தவர் நீங்கள். ஒரு மொழி மட்டும் தெரிந்த ஆய்வாளர் பாதிக் காகிதத்தோடு நின்றுவிடுவார்.

வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இலவசம். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். உங்கள் தலைப்பில் ஏற்கெனவே யார் எழுதியிருக்கிறார்கள் என்று அங்கே முதலில் பாருங்கள். பழைய பெண்கள் பத்திரிகைகளுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மும்பையில் அம்பையும் மற்றவர்களும் 1988-இல் தொடங்கிய ஸ்பாரோ, பெண்களின் குரலையும் படங்களையும் சேர்த்துவைக்கும் காப்பகம்.

படி 7: பேட்டி எடுப்பது

காகிதத்தில் இல்லாததைப் பேசித்தான் வாங்க வேண்டும். மேஸ்திரியோ கணவரோ பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள். சாயங்காலம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வேறு பதில் வரும். எதற்காகக் கேட்கிறீர்கள், எங்கே வெளிவரும் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். எழுத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினால், ஒலிப்பதிவிலேயே சம்மதத்தைச் சொல்லச் சொல்லலாம். இன்னும் அதே எஸ்டேட்டில் வேலை செய்கிறவரின் பெயர், டிவிஷன், லயத்தின் எண் மூன்றும் சேர்ந்து வந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், கவனம்.

அவர்கள் பேச்சை அப்படியே எழுதுங்கள். கொழுந்து, செக்ரோல் (வருகைப் பதிவேடு), கங்காணி என்று அவர்கள் சொல்வதைத் திருத்த வேண்டாம். ஆங்கிலக் கட்டுரை என்றாலும் மூலப் பேச்சைத் தனியாகத் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: எழுதி அனுப்புவது

நேரே விஷயத்துக்கு வாருங்கள். ‘ஆதிகாலம் தொட்டே பெண்கள்’ என்று தொடங்கும் பத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். சுருக்கத்தில் நான்கு விஷயம் போதும்: கேள்வி, எங்கே தேடினீர்கள், என்ன கிடைத்தது, இதுவரை சொல்லப்பட்டதிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது.

பல போட்டிகளில் ஆசிரியர் பெயரை மறைத்துத்தான் மதிப்பிடுவார்கள். முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் போதாது. நன்றியுரை, ‘என் முந்தைய கட்டுரையில்’ போன்ற வரி, கோப்பின் பண்புகளில் தானாகப் பதியும் பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். அடுத்தவர் வரிகளுக்கு மேற்கோள் குறி கட்டாயம். மானியக் குழுவின் 2018 விதிப்படி அடுத்தவர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்காக அந்தப் பத்தை நிரப்ப வேண்டுமென்று இல்லை!

பெயர் விஷயத்தில் பெண்களுக்கு ஒரு கூடுதல் தலைவலி. கேரளச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், ஆந்திரச் சான்றிதழில் வீட்டுப் பெயர் முன்னால், ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு வேறொன்று. எழுத்தில் ஒரே பெயரை வைத்துக்கொண்டு, ஓர்சிட் என்ற 16 இலக்க எண்ணை இலவசமாக வாங்கிவிடுங்கள். பெயர் மாறினாலும் கட்டுரைகள் உங்கள் கணக்கிலேயே இருக்கும். உதவித்தொகைக்கு முத்திரைத்தாளில் உறுதிமொழி மாதிரி ஏதாவது கேட்டிருந்தால், வில்லேஜ் ஆபீஸ், அக்ஷயா கேந்திரம், மீசேவா போன்ற அரசு சேவை மையங்கள் என்று அலைய நாள் பிடிக்கும். கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது நெறியாளரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். கட்டுரை, பரிசு அறிவிப்பு, உங்களைப் பற்றி அரைப் பக்கம், கடைசித் தேதி எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, மூன்று வாரமாவது அவகாசம் கொடுங்கள்.

கிடைக்கவில்லை என்றால் கட்டுரையைத் திரும்ப அலமாரியில் வைக்க வேண்டாம். எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் மகளிரியலுக்கென்று ‘ரிவ்யூ ஆஃப் விமன்ஸ் ஸ்டடீஸ்’ என்ற சிறப்புப் பகுதி வருகிறது. டெல்லியில் உள்ள பெண்கள் மேம்பாட்டு ஆய்வு மையம் 1994 முதல் இந்தியன் ஜர்னல் ஆஃப் ஜென்டர் ஸ்டடீஸ் நடத்துகிறது. இரண்டில் ஒன்றுக்கு அனுப்புங்கள், ஒரே சமயத்தில் இரண்டுக்கும் அல்ல. தமிழ் வடிவத்தை எந்தச் சிற்றிதழுக்குத் தருவது என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். ஆங்கிலத்தில் வந்த கட்டுரையென்றால் அந்த ஆய்விதழின் அனுமதியைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.