மறதிநோய் வார்டில் நர்ஸ்களின் அறிவை எப்படி அளப்பது?

செவிலியர்களுக்கு வகுப்பெடுப்பது என் வேலை. மறதிநோய்ப் பயிற்சி தொடங்கும் முன் ஒரு தேர்வு வைத்துவிடுவேன். நோயைப் பற்றித் தெரிந்திருப்பது வேறு, நோயோடு இருக்கும் மனிதரை அவர் போக்கில் புரிந்து கவனிக்கத் தெரிவது வேறு. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

நோய் பற்றிய அறிவுக்கு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தில் உருவான டி.கே.ஏ.எஸ். (Dementia Knowledge Assessment Scale) என்ற வினாத்தாள் இருக்கிறது. 25 வாக்கியங்கள், 50 மதிப்பெண். சரியான விடையை உறுதியாகச் சொன்னால் 2, அரைகுறை உறுதியோடு சொன்னால் 1. 'தெரியாது' என்றும் குறிக்கலாம் என்பதால் குருட்டாம்போக்கு விடை குறையும். ஏ.டி.கியூ. (Approaches to Dementia Questionnaire) என்று இன்னொரு வினாத்தாள் உண்டு; அதன் 19 வாக்கியங்கள் மனப்பான்மையை அளப்பவை. அதில் வாங்கிய மதிப்பெண்ணை அறிவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மனிதரைக் கவனிக்கும் அறிவுக்கு, உங்கள் வார்டில் நடப்பது போன்ற சம்பவங்களை நீங்களே எழுதுங்கள். நான் கேட்கும் ஒன்று: ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மாலை ஐந்தானால் "டிப்போவுக்கு நேரமாச்சு" என்று கதவைத் தட்டுகிறார். முதலில் என்ன செய்வீர்கள்? "நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க தாத்தா" என்று திருத்துவதா, டாக்டரிடம் தூக்க மருந்து கேட்பதா, டிவி முன் உட்கார வைப்பதா, "எந்த ரூட்டு?" என்று பேச்சுக் கொடுத்தபடி கூட நடந்து, சிறுநீர் முட்டுகிறதா, பசியா, வலியா என்று பார்ப்பதா? சரியான விடை மட்டும் நீளமாக இருந்தால் படிக்காமலேயே டிக் அடித்துவிடுவார்கள். நான்கையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். கீழே 'ஏன்?' என்று இரண்டு வரி இடம் விடுங்கள். எனக்கு அந்த இரண்டு வரிதான் முக்கியம். "அவர் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கும்" என்று எழுதுபவருக்கும் "அடம் பிடிப்பார்கள், சமாளிக்கணும்" என்று எழுதுபவருக்கும் ஒரே பயிற்சி போதாது.

பெயர் வேண்டாம், ரகசிய எண் போதும். தாளை வார்டு இன்சார்ஜ் வாங்கவே கூடாது. வாங்கினால் அவருக்குப் பிடித்த விடைதான் வரும். நைட் டியூட்டி முடித்துக் கிளம்புகிறவர்களை உட்கார வைத்து எழுதச் சொல்வதும் நியாயமில்லை.

அப்புறம், சாப்பாட்டு நேரத்தில் அரைமணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். ஊட்டும்போது நோயாளியைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா, அவர் விழுங்கும்வரை காத்திருக்கிறார்களா? தாளில் நன்றாக எழுதியவர் இங்கே அவசரப்பட்டால், உடனே அவர்மேல் பழி போடாதீர்கள். அந்த ஷிஃப்டில் எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ் என்று பாருங்கள். ஆள் பற்றாக்குறையை வகுப்பெடுத்துச் சரிசெய்ய முடியாது.

மொத்த மதிப்பெண்ணோடு நிற்காமல் கேள்வி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பயிற்சி முடிந்ததும் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை, சம்பவங்களை மாற்றிக் கேளுங்கள்.