அலுமினிய காஸ்டிங்கில் ஷ்ரிங்கேஜ் வராமல் ரைசர் வைப்பது எப்படி

வெளியே பார்த்தால் காஸ்டிங் பளிச்சென்று இருக்கும். பாஸில், அதாவது சுவரிலிருந்து துருத்தி நிற்கும் தடித்த பகுதியில், டிரில் பாதி இறங்கியதும் சத்தம் மாறும், எடுத்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை. உடனே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ரைசரைப் பெரிசு பண்ணுங்க." ரைசர் என்பது, காஸ்டிங் உறைந்து சுருங்கும்போது அதற்கு மெட்டல் கொடுக்க மோல்டில் விடும் கூடுதல் மெட்டல் தேக்கம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், ஆனால் ரைசரின் அளவைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

முதலில் அந்த ஓட்டை ஷ்ரிங்கேஜ்தானா, அதாவது மெட்டல் உறைந்து சுருங்கியதால் வந்ததா என்று பாருங்கள். அறுத்த இடத்தை லென்ஸில் பார்த்தால் போதும். உருண்டையாக, உட்சுவர் வழவழப்பாக இருந்தால் அது ஹைட்ரஜன் கேஸ். கோணல்மாணலாக, கிளை கிளையாக, சொரசொரவென்று இருந்தால் ஷ்ரிங்கேஜ். மெட்டல் போய்ச் சேராத இடத்தில்தான் கேஸும் வந்து உட்காரும் என்பதால் பல நேரம் இரண்டும் கலந்தே இருக்கும். அதனால் ஆர்கானோ நைட்ரஜனோ விட்டு, கரைந்த கேஸை ஒழுங்காக வெளியேற்றிய (டீகேஸ் செய்த) மெட்டலில்தான் ரைசர் சோதனையே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எதனால் சரியானது, எதனால் ஆகவில்லை என்றே தெரியாது.

கோவைப் பக்கம் கிரே அயர்னில் கை பழகிவிட்டு அலுமினியத்துக்கு வருபவர்கள் நிறைய. அயர்னில் உறையும்போது கிராஃபைட் விரிந்து சுருக்கத்தின் பெரும்பகுதியைத் தானே ஈடுகட்டிவிடும், எடையும் அதிகம் என்பதால் ரைசரில் நிற்கும் மெட்டல் நன்றாக அழுத்தும். அலுமினியத்தில் அந்தச் சலுகை இல்லை. சுத்த அலுமினியம் உறையும்போது கன அளவில் 6.5 முதல் 7 சதவீதம் சுருங்கும். சிலிக்கான் உறையும்போது விரியும் என்பதால் சிலிக்கான் அதிகமுள்ள எல்எம்6 அலாயில் அது சுமார் 4, சிலிக்கான் அதைவிடக் குறைவான எல்எம்25-இல் சுமார் 5 சதவீதமாகக் குறைகிறது. இந்தக் குறையை யாராவது நிரப்பியே ஆக வேண்டும், அது ரைசர்தான்.

சரி, எவ்வளவு பெரிய ரைசர்? உறையும் நேரம், கன அளவைக் குளிரும் பரப்பால் வகுத்தால் வரும் மாடுலஸின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1940-இல் பொறியாளர் ஷ்வோரினோவ் சொன்ன கணக்கு, இன்றைக்கும் மணல் மோல்டுக்கு இதுதான் அடிப்படை. ரைசரின் மாடுலஸ் காஸ்டிங்கைவிட 1.2 மடங்கு இருந்தால் அது கடைசியாக உறையும்.

எங்கள் கியர்பாக்ஸ் ஹவுசிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: எல்எம்25, சுவர் 12 மி.மீ., அதில் 60 மி.மீ. விட்டம், 60 மி.மீ. உயரத்தில் ஒரு பாஸ். ரைசர் பாஸின் தலையிலேயே உட்கார்ந்தால் மேல் முகம் குளிராது, அடியில் சுவர் இருப்பதால் அங்கேயும் அவ்வளவாகக் குளிராது, பக்கம் மட்டும்தான். அப்போது மாடுலஸ் விட்டத்தில் நாலில் ஒன்று, அதாவது 15 மி.மீ. ரைசருக்கு 18 வேண்டும். உயரமும் விட்டமும் சமமான உருளையில், காஸ்டிங்கோடு ஒட்டிய அடிப்பக்கத்தை விட்டுவிட்டால், மாடுலஸ் விட்டத்தில் ஐந்தில் ஒன்று. ஆக 90 மி.மீ. விட்டம், 90 உயரம்.

அப்புறம் கன அளவு. சாதாரண உருளை ரைசர் தன் மெட்டலில் சுமார் 14 சதவீதம்தான் கொடுக்கும். நம் ரைசர் ஏறத்தாழ 570 கன செ.மீ., அதில் 80 கிடைக்கும். 5 சதவீதச் சுருக்கத்துக்கு அது 1600 கன செ.மீ. மெட்டலுக்குப் போதும், ரைசரையே கழித்தால் காஸ்டிங்கில் 1000 வரை தாங்கும். பாஸ் 170தான், மீதி சுற்றியிருக்கும் சுவருக்கு.

இந்தக் கணக்குக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பாஸுக்குப் பக்கத்தில் ரைசரை வைத்து இரண்டையும் இணைக்க 18 மி.மீ. தடிமனில் நீளமான ஒரு நெக் கொடுத்திருந்தோம். ரைசர் 75 ஆனது, 90 ஆனது, 110 ஆனது, ஓட்டை அசையவில்லை. பாஸ் உறைய வெகு நேரத்துக்கு முன்பே நெக் உறைந்து கதவைச் சாத்திவிட்டது, ரைசரில் எவ்வளவு மெட்டல் இருந்து என்ன பயன்? மாடுலஸ் காஸ்டிங்குக்கு 1 என்றால் நெக்குக்கு 1.1, ரைசருக்கு 1.2 என்ற வரிசை உடையக் கூடாது. நெக் குட்டையாக இருந்தால் இரு பக்கச் சூடும் சேர்ந்து அதைக் காப்பாற்றும், கொஞ்சம் குறைக்கலாம். நாங்கள் நெக்கையே எடுத்துவிட்டு ரைசரைப் பாஸின் மேல் உட்கார வைத்தோம். ரைசரை அறுத்துத் தேய்க்கும் ஃபெட்லிங் வேலை கூடியது, ஓட்டை வழியாக வந்த லீக் நின்றது.

அடுத்தது பலர் மறப்பது, சூடு. அலுமினியத்தைக் கீழிருந்து நிரப்புவதுதான் நல்லது, மெட்டல் காஸ்டிங்குக்குள் நுழையும் வழியான கேட்டில் வேகம் வினாடிக்கு 0.5 மீட்டரைத் தாண்டினால் ஆக்சைடு படலம் மடிந்து உள்ளே போகும். ஆனால் கீழிருந்து நிரப்பும்போது மேலே இருக்கும் ரைசருக்கு ஆறிப்போன மெட்டல்தான் வந்து சேரும். அதற்கு வழி: கேட்டைப் பக்க ரைசர் வழியாகவே கொண்டுபோவது, அல்லது மேல் ரைசருக்கு சூட்டைக் காக்கும் உறையான இன்சுலேட்டிங் ஸ்லீவ் போட்டு, தலையில் சூடு காக்கும் பவுடர் தூவுவது. ஸ்லீவ் போட்டால் ரைசர் விட்டத்தையும் குறைக்கலாம், உருக்கும் செலவு மிச்சம்.

ரைசர் எட்டாத தனிப் பாஸ் இருந்தால் அங்கே இன்னொரு ரைசர் வேண்டாம், சூட்டை வேகமாக உறிஞ்சும் இரும்புத் துண்டான சில் (chill) வையுங்கள், அந்த இடம் முதலில் உறைந்துவிடும். சில் காய்ந்து, லேசாகச் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த சில்லில் ஈரம் படிந்தால் புளோ ஹோல் (கேஸ் ஓட்டை) நிச்சயம். மணலுக்குப் பதில் உலோக மோல்டில் ஊற்றும் கிராவிட்டி டையில் இதே வேலையை டை கோட் (டையின் உள்ளே பூசும் பூச்சு) செய்யும்: ரைசர் பக்கம் தடிமனாக இன்சுலேட்டிங் கோட், சீக்கிரம் உறைய வேண்டிய பக்கம் மெல்லிய கிராஃபைட் கோட்.

முதல் காஸ்டிங் வந்ததும் ரைசரை நடுவில் நெடுக்காக அறுத்துப் பாருங்கள். தலையில் ஆழமாகக் குழி விழுந்திருந்தால் அது மெட்டல் கொடுத்திருக்கிறது. தலை தட்டையாக இருந்தால் ரைசர் முன்பே உறைந்திருக்கும், அல்லது வழி அடைத்திருக்கும். குழியின் நுனி காஸ்டிங்குக்குள் இறங்கியிருந்தால் கன அளவு போதவில்லை, உயரத்தைக் கூட்டுங்கள். நாங்கள் அறுத்த பாதியில் மெட்டல் ஊற்றிய வெப்பநிலையை மார்க்கரில் எழுதி, பேட்டர்ன் ரேக்கிலேயே அந்தப் பேட்டர்னோடு வைத்திருக்கிறோம்.