பேயாக நின்றவன் சொல்கிறேன்: சிங்கப்பூர் ஹாலோவீன் இரவுக்குக் கிளம்பும் மதுரைக்காரர்களுக்கு

1998 சித்திரையில் நான் 40 நாள் பேயாக நின்றிருக்கிறேன். தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. கல்லூரி முதலாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு அங்கிருந்த பேய் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளியே தகரத்தில் மண்டையோடு வரைந்திருக்கும். உள்ளே கறுப்புத் துணி கட்டிய குறுகலான சந்து, ஏழு திருப்பம். என் இடம் நாலாவது திருப்பம். சாக்குத் திரைக்குப் பின்னால், தண்ணீரில் முக்கிய தேங்காய் நார்க் கயிற்றைப் பிடித்தபடி நிற்பேன். ஆள் கடக்கும்போது பிடரியில் அது லேசாகப் பட வேண்டும். கத்தக்கூடத் தேவையில்லை. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று மட்டும் இரவு வரைக்கும் அந்தக் கயிறு காயவே இல்லை. கூட்டம் அப்படி.

இப்போது நான் மைக் செட், லைட் செட் போடுகிறவன். திருவிழா, வள்ளித் திருமணம் நாடகம், கல்யாணம் என்று மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் வரை போய்வருகிறேன். அக்கா குடும்பம் சிங்கப்பூரில் இருப்பதால் அங்கே நடக்கும் ஹாலோவீன் இரவுக்கு இரண்டு முறை போகக் கிடைத்தது. 2018-ல் அத்தானோடு, 2023-ல் அக்கா மகனோடு. அதிலிருந்து சிங்கப்பூர் கிளம்பும் சொந்தக்காரர்கள் எல்லாரும் எனக்கு போன் போட்டு விவரம் கேட்கிறார்கள். போனில் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன்.

சென்டோசா தீவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவில், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை குறிப்பிட்ட சில இரவுகளில் மட்டும் இது நடக்கும். ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் ஆர்லாண்டோ பூங்காவில் 1991-ல் தொடங்கி, 2011-ல் சிங்கப்பூருக்கு வந்தது. கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருடமும் நடக்கவில்லை. 2022-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். ஹாலோவீன் என்பது அக்டோபர் 31, கிறிஸ்தவர்களின் புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்தின இரவு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் பூவும் மெழுகுவத்தியுமாகக் கூட்டம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் வருகிற நாள்தான் இதுவும். பூங்காவுக்குள் நடப்பது மட்டும் முழுக்க முழுக்க நாடகம். பேய் வீடுகள் சில, வேஷக்காரர்கள் நடமாடும் தெருக்கள் சில, மேடை நிகழ்ச்சி, கூடவே சில ரைடுகள்.

டிக்கெட் விஷயத்தில் நான் பட்டதை முதலில் சொல்கிறேன். 2018-ல் ஊரில் ஒரு டிராவல்ஸில் சொல்லி வாங்கினேன். வாசலில் போய் நீட்டினால் அது பகல் டிக்கெட். பகல் டிக்கெட்டில் இரவு நிகழ்ச்சிக்கு விட மாட்டார்கள், இரண்டும் வேறு வேறு. மறுபடி வாங்கித்தான் உள்ளே போனோம். அதனால் பூங்காவின் சொந்த இணையதளத்தில் நீங்களே வாங்குங்கள். தேதியும் நிகழ்ச்சியின் பெயரும் டிக்கெட்டில் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். வெள்ளி, சனி இரவுகளுக்கு விலையும் கூடுதல், கூட்டமும் கூடுதல். அக்டோபர் 31-ஐ ஒட்டிய நாட்களை விட்டு, சீசனின் முதல் இரண்டு வாரத்தில் வேறு கிழமையில் இரவு அமைந்தால் அதையே எடுங்கள். வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸுக்குத் தனிக் காசு. சனிக்கிழமை தவிர வேறு நாள் இல்லை என்றால் வாங்கலாம். மற்ற நாளில் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மதுரையிலிருந்து நேரடி விமானம் உண்டு, எந்தக் கிழமை என்று பார்த்துப் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் திருச்சி. விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். எஸ்ஜி அரைவல் கார்டு என்கிற வருகைப் படிவத்தை இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளத்துக்குள் போகாதீர்கள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கும். இது இந்த இரவுக்கு நல்லது. அங்கே நள்ளிரவு என்றால் நம் உடம்புக்கு ஒன்பதரை மணிதான்.

லிட்டில் இந்தியாவில் தங்கினால் வழி சுலபம். அங்கிருந்து எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயிலின் வடகிழக்குத் தடத்தில் ஏறினால், மாறாமல் கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரண்ட். பலகையில் தமிழில் துறைமுகமுனை என்று எழுதியிருக்கும். மேலேயே விவோசிட்டி மால். அதன் மூன்றாம் தளத்தில் சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயில். கால் வலி இல்லாதவர்கள் கடலை ஒட்டிய பலகைப் பாதையில் நடந்தே தீவுக்குள் போகலாம், காசு கிடையாது. சாப்பாட்டை மாலை ஐந்து மணிக்குள் லிட்டில் இந்தியாவின் சேரங்கூன் ரோட்டிலேயே முடித்துவிடுங்கள். உள்ளே நமக்குப் பிடித்த சாப்பாடு அதிகம் இல்லை, வெளிச் சாப்பாட்டையும் விட மாட்டார்கள். வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது. காரணம் கோஸ்டர், தண்டவாளத்தில் மேலும் கீழுமாகப் பாயும் ரைடு.

உடுப்பு: பருத்திச் சட்டை, முழுக்கால் சட்டை, இறுக்கிக் கட்டும் ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம். இருட்டுச் சந்தில் பின்னால் வருகிறவர் மிதித்துவிடுவார், கோஸ்டரில் கழன்று போகும். அக்டோபரில் அங்கே புழுக்கமும் மழையும் சேர்ந்தே இருக்கும். குடையைவிட மடித்துப் பையில் வைக்கும் மழைக்கோட்டு நல்லது. இடி மின்னல் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வேஷம் போட்டுக்கொண்டு போகாதீர்கள், முகமூடிக்கும் அனுமதி இல்லை. வேஷக்காரர் யார், பார்க்க வந்தவர் யார் என்று காவலர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

சரி, உள்ளே போயாயிற்று. வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற பேய் வீட்டு வரிசையில்தான் எல்லாரும் போய் நிற்பார்கள். நீங்கள் நிற்காதீர்கள். வரைபடத்தைப் பார்த்து, ஆகத் தள்ளியிருக்கும் வீட்டுக்கு நேராக நடங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு வீடு பார்த்துவிட்டால் இரவு உங்கள் கையில். கூட்டமான நாளில் ஒன்பது, பத்து மணிக்கு ஒரு வீட்டுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தை கோஸ்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பேய் வீட்டில் நிற்பதால் கோஸ்டர் பக்கம் வரிசை சின்னதாக இருக்கும். கடைசி ஒரு மணி நேரத்தில் பேய் வீட்டு வரிசையும் குறையும், மிச்சத்தை அப்போது பாருங்கள்.

இனி பேய் வீட்டுக்குள் எப்படி நடப்பது என்று சொல்கிறேன். இதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கே வெளிச்சம் இருக்கிறதோ அங்கே பேய் இருக்காது. இது எங்கள் தொழில். ஒரு மேசையில் பிணம் மாதிரி பொம்மையைக் கிடத்தி, அதன் மேல் சிவப்பு விளக்கைப் போட்டால் உங்கள் கண் அங்கேதான் போகும். ஆள் எதிர்ச் சுவரிலிருந்து வருவார். நன்றாகப் பயப்பட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் வெளிச்சத்தைப் பாருங்கள். கலையைப் பார்க்க வேண்டும் என்றால் இருட்டைப் பாருங்கள். நான் ஒவ்வொரு வீட்டையும் இருட்டைப் பார்த்தபடிதான் நடந்தேன். கறுப்புத் திரையில் ஒரு கை நுழையும் அளவுக்குப் பிளவு, அதன் பின்னால் ஒரு கண். அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் போன பெண்ணின் நடையை அளந்துகொண்டிருந்தது. அவள் வலது கால் வாசல்படியைத் தாண்டியதும் திரை விலகியது. அந்த ஒரு நொடியைப் பிடிக்க எத்தனை இரவு பழகியிருப்பார் என்று எனக்குத் தெரியும். தமுக்கத்தில் எனக்கு அது பிடிபடவே 10 நாள் ஆனது.

முன்னால் போகிற கூட்டத்தோடு ஒட்டிப் போகாதீர்கள். பயமுறுத்திவிட்டு மறுபடி மறைந்து நிற்க வேஷக்காரருக்குச் சில நொடி வேண்டும். ஒட்டிப் போனால் அவர் திரும்பி நடக்கும் முதுகைத்தான் பார்ப்பீர்கள். ஏழெட்டு அடி இடைவெளி விடுங்கள். நடுவில் நின்றால் ஊழியர்கள் நகரச் சொல்வார்கள். அதனால் நுழையும்போதே கொஞ்சம் தயங்கி, பிறகு ஒரே சீராக நடங்கள்.

யார் எங்கே நிற்பது? பயந்த ஆளை நடுவில் விடுங்கள். முன்னால் இருப்பவர் எல்லாவற்றையும் முதலில் சந்திப்பார். ஆனால் ஆக அதிகமாகப் பயப்படுவது கடைசி ஆள்தான். முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை என்கிற நினைப்பே போதும். என் கயிறும் எப்போதும் கடைசி ஆளின் பிடரிக்குத்தான் போகும். 2023-ல் என்னோடு வந்த அக்கா மகனுக்கு 16 வயது, வீட்டில் வீறாப்பாகப் பேசிக்கொண்டிருந்தவன். "நான் கடைசியில வர்றேன் மாமா" என்றான். இரண்டாவது அறையிலேயே என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். உள்ளங்கை வியர்த்து, சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் அவனை முன்னால் விட்டு, தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தேன். பிள்ளைகள் பயந்தால் கேலி செய்யாதீர்கள், தயவுசெய்து. பயம் வருவது அவர்கள் குற்றம் இல்லை, அதை வரவழைக்கத்தான் அத்தனை பேர் உழைக்கிறார்கள். வெளியே போக வேண்டும் என்றால் ஊழியரிடம் சொல்லுங்கள், வழி காட்டுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த இரவு ஏற்றதல்ல என்று பூங்காவே எச்சரிக்கிறது. அக்காவின் 9 வயது மகளை நாங்கள் வீட்டில்தான் விட்டுப் போனோம்.

வேஷக்காரர்கள் உங்களைத் தொட மாட்டார்கள், நீங்களும் அவர்களைத் தொடக் கூடாது. அந்த விஷயத்தில் எங்கள் பொருட்காட்சியைவிட அங்கே கட்டுப்பாடு அதிகம். பயத்தில் கை தானாக வீசும் என்று தெரிந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நடங்கள். தமுக்கத்தில் ஒருவர் வீசிய முழங்கை என் வாயில் பட்டு முன்பல் ஓரம் உடைந்தது, இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அந்த வேஷத்துக்குள்ளும் இரவு முழுக்க வியர்த்து நிற்கிற ஒரு பிள்ளை இருக்கிறது.

வாசனையையும் கவனியுங்கள். பாசி, புகை, மருந்து என்று அறைக்கு அறை மாறும். மலாய்க்காரர்கள் பொந்தியானாக் என்று ஒரு பேயைச் சொல்வார்கள். பிரசவத்தில் இறந்த பெண், வாழைமரத்தில் குடியிருப்பாள், வரும் முன்னால் பூ வாசனை வரும் என்பது கதை. 2018-ல் அதை வைத்தே ஒரு வீடு அமைத்திருந்தார்கள். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு இருட்டில் தனியாகப் போகாதே என்று நம் பாட்டிமார் சொன்னது அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது. கடல் தாண்டினாலும் பூவும் பேயும் சேர்ந்தேதான் இருக்கின்றன. மின்னி மின்னி எரியும் விளக்கும் செயற்கைப் புகையும் எல்லா வீட்டிலும் உண்டு. வலிப்பு உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் தவிர்த்துவிடுங்கள். வீசிங் இருப்பவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வையுங்கள். சத்தம் நெஞ்சில் அடிக்கும், வேண்டுமானால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம்.

கோஸ்டருக்கு வருவோம். எல்லா ரைடும் இந்த இரவில் ஓடாது, அன்று எது உண்டு என்று வாசலிலேயே கேளுங்கள். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்பது இரண்டு கோஸ்டர், பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் போட்டி போடும். உயரம் 42 மீட்டருக்கு மேல். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 52 மீட்டர், அதைவிடப் பத்து மீட்டர்தான் குறைவு. தெற்குச் சித்திரை வீதியில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போங்கள். சிவப்புத் தண்டவாளத்தில் உட்கார்ந்து போகலாம். நீலத்தில் கால் அந்தரத்தில் தொங்கும், தலைகீழாகவும் போகும். பழகாதவர்கள் சிவப்பில் தொடங்குங்கள். 125 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். போன், பர்ஸ், கண்ணாடி எல்லாம் லாக்கரில். ஏறியதும் தலையைச் சாய்மானத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், கழுத்து வலி வராது. கண்ணை மூடினால் தலைசுற்றல் அதிகமாகும். பாதையைப் பார்த்துக்கொண்டே போங்கள். மம்மி பெயரில் உள்ள இன்னொரு கோஸ்டர் கட்டடத்துக்குள்ளேயே இருட்டில் ஓடுவது, மழைக்குக் கவலை இல்லை.

திரும்பும் வழியையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். நள்ளிரவை ஒட்டி எம்ஆர்டி நின்றுவிடும். பன்னிரண்டு மணிக்கு மேல் மீட்டர் டாக்ஸியில் கட்டணத்தோடு பாதி கூடுதலாக வரும். ரயில்தான் என்றால் பதினொன்றே காலுக்கு வாசலை நோக்கி நடங்கள். கடைசி வரை இருப்பது என்றால் நாலு பேர் சேர்ந்து டாக்ஸி. நாங்கள் கடைசி வரை இருந்தோம். அக்கா வீடு இருக்கும் செங்காங்கில் இறங்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அக்கா தூங்காமல் கதவைத் திறந்து வைத்திருந்தாள். காலைக் கழுவச் சொன்னாள். ஊரிலிருந்து நான் கொண்டுபோன பாண்டி கோயில் விபூதியை எடுத்து முதலில் மகன் நெற்றியில் பூசினாள், அப்புறம் என் நெற்றியில்.